அப்பாவின் நிறம்

புதுத் தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டிய அன்று இரவு அம்மா என்னைக் கேட்டார்: “தம்பி, உது ஆற்றை படம்?”

அது அப்பாவின் படம். 1982இல் கொக்குவில் வீட்டு முற்றத்தில், செவ்வரத்தை மரத்துக்கு முன்னால் எடுத்தது. ஜேர்மனியிலிருந்து விடுமுறையில் வந்த சித்தப்பா தன் கமராவில் எடுத்துக்கொண்டுபோய், அங்கே கழுவி, கடிதத்துக்குள் வைத்து அனுப்பியிருந்தார். அப்பா, அம்மா, பெரியம்மா, படியில் ஏறி நிற்கும் பெரியப்பா, நிலத்தில் குந்தியிருக்கும் நாங்கள் மூன்று பிள்ளைகள். எங்களிடம் இருக்கும் முதல் கலர்ப்படம் அதுதான். 1995 ஐப்பசி இடப்பெயர்வின்போது அம்மா அதை ஒரு பிஸ்கற் பேணிக்குள் போட்டு, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனார். பிறகு கிளிநொச்சி, பிறகு கொழும்பு, பிறகு ஸ்காபரோ. வீட்டு உறுதிகூட அந்தப் பேணிக்குள் இருக்கவில்லை, படங்கள் மட்டும்தான் இருந்தன.

அந்தப் பேணியை அடைகாத்து வந்த மனிசிக்குத்தான் திரையில் நிற்கிறவர் யாரென்று தெரியவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். 65 அங்குலம், பொக்சிங் டே மலிவு விற்பனையில் வாங்கியது. அப்பாவின் முகம் பழுத்த மாம்பழத் தோல்போலச் சிவந்து மினுங்கியது. தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று ஓடியது, சாமிப்படத்து ஒளிவட்டம் மாதிரி. செவ்வரத்தம் பூக்களைப் பார்க்கக் கண் கூசியது. போதாததற்குப் பெரியப்பாவின் உடம்பு மட்டும்தான் படியில் நின்றது.

“அத்தான்ரை தலை எங்கை?” என்றார் அம்மா.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நிறம் என்பது என் தொழில். 1993 முதல் 1999 வரை ஸ்காபரோவில் ஒரு பல்கடை அங்காடிக்குள் இருந்த ‘ஒரு மணித்தியாலத்தில் படம்’ கடையில் வேலை செய்தேன். அதன்பிறகு இன்றுவரை ஓர் அச்சகத்தில், அச்சுக்குப் போகுமுன் படங்களைத் திருத்துகிற மேசையில் இருக்கிறேன். என் வீட்டுச் சுவரிலேயே அப்பா இப்படி நிற்கிறார்.

அந்தப் படக்கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே இருந்த இயந்திரத்தில் நான்கு வரிசைச் சாவிகள் இருந்தன: மஞ்சள், மஜெந்தா, சயான், அடர்த்தி. நெகற்றிவ் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஒரு செக்கனில் பார்த்து, ஒரு செக்கனில் தீர்மானித்து, சாவியைத் தட்டவேண்டும். 36 படச் சுருளென்றால் ஒரு நிமிடத்துக்குமேல் செலவழித்தால் முதலாளி பின்னால் வந்து நிற்பார். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, இயந்திரத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிப்படத்தை அடித்துப் பார்ப்பது. அந்தப் படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளுடைய தோல் சரியாக வந்தால் அன்றைக்கு எல்லாம் சரி. தொழிலில் அதற்கு ‘ஷேர்லி’ என்று பெயர். கொடாக் நிறுவனத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரிலிருந்து வந்ததாம். பிறகு வந்த மாதிரிப் பெண்கள் எல்லாருமே ஷேர்லிதான்.

மொன்ட்ரியால் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் லோர்னா றொத் 2009இல் இந்த ஷேர்லிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். கறுத்த முகங்கள் கலர்ப் பிலிமில் சரியாக விழுவதில்லை என்ற குறை வெகுகாலம் இருந்தது. ஆனால் மண்ணிற வேறுபாடுகளைப் பிலிம் கூடுதலாகப் பிடிக்கவேண்டுமென்று கொடாக்கை நெருக்கியவர்களில் சொக்லேற் விற்பவர்களும் மரத்தளபாடம் விற்பவர்களும் இருந்தார்கள் என்பதை அந்தக் கட்டுரையில்தான் வாசித்தேன். கடும் சொக்லேற்றும் பால் சொக்லேற்றும் விளம்பரத்தில் ஒன்றுபோல விழுகின்றன என்பது அவர்கள் முறைப்பாடு. வாசித்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் திரிந்தேன். ஆனால் கோபிக்க எனக்குப் பெரிய உரிமை ஒன்றும் இல்லை.

ஏனென்றால் அந்தக் கடைக்கு எங்கள் ஆட்கள்தான் நிறைய வந்தார்கள். தமிழ்ப் பெடியன் ஒருத்தன் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று சுருள் சுருளாகக் கொண்டுவந்தார்கள். கவுண்டரில் குனிந்து, குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்கள்: “தம்பி, பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையா அடிச்சுத் தாரும்.” கலியாணப் பேச்சுக்கு அனுப்பும் படமென்றால் இந்த வேண்டுகோள் கட்டாயம் வரும். அடர்த்திச் சாவியில் மைனஸ் இரண்டு. முகம் வெளிக்கும். கூடவே கூறைச்சேலையின் சிவப்பும் வெளிறும், தாலிக்கொடி வெள்ளைத் தகடாகும், பின்னால் நிற்கும் வாழைமரம் சோகை பிடித்ததுபோல ஆகும். ஒருவர்கூட வந்து சேலையின் நிறம் போய்விட்டதென்று குறை சொன்னதில்லை. போகப்போக அவர்கள் கேட்காமலே என் விரல் மைனஸ் இரண்டுக்குப் போயிற்று.

சரி, தொலைக்காட்சிக்கு வருவோம்.

கடையில் நூறு தொலைக்காட்சிகளுக்கு நடுவே, வெள்ளை மின்குழாய் வெளிச்சத்தில், போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவதற்காகச் செய்த நிறம் ஒன்று உண்டு. பல தொலைக்காட்சிகளில் அதற்கு ‘விவிட்’ என்று பெயர். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியை உடைத்த பிறகும் பலர் அதையே வைத்திருக்கிறார்கள். அதில் வெள்ளை என்பது வெள்ளையல்ல, நீலம். நிறவெப்பத்தைக் கெல்வினில் அளப்பார்கள். மெழுகுதிரிச் சுடர் கிட்டத்தட்ட 1900, பழைய குண்டு பல்ப் 2700, தொலைக்காட்சிக்கும் கணினித் திரைக்கும் உலகம் ஒப்புக்கொண்ட வெள்ளை 6500. கொல்லன் உலையில் இரும்பு சிவந்து, மஞ்சளாகி, பிறகு வெளுப்பதைக் கண்டவர்களுக்கு எண் கூடக்கூட நீலப்பக்கம் போகும் என்பதை விளக்கத் தேவையில்லை. கடைநிறம் 6500ஐத் தாண்டி வெகுதூரம் போய் நிற்கும்.

ஆகவே முதல் வேலை, அந்த ‘விவிட்’டிலிருந்து வெளியே வருவது. ‘சினிமா’, ‘மூவி’, ‘ஃபில்ம்மேக்கர்’ என்று ஏதாவது ஒரு பெயரில் இன்னொரு முறை இருக்கும். அதைத் தெரிந்தெடுத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இந்தக் கட்டுரையில் யாருக்காவது உடனே பயன்படக்கூடிய வரி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வாசித்துவிட்டு எழுந்துபோய்ச் செய்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.

பெரியப்பாவின் தலைக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, படத்தை அகலத்திரைக்கு நிரப்பிக் காட்டும்படி விட்டிருந்தது. மற்றது பழைய குழாய்த் தொலைக்காட்சிக் காலத்து வழக்கம். அந்தக் குழாய்களில் படத்தின் ஓரங்கள் நேராக நிற்கமாட்டா. அதனால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். இப்போது குழாயும் இல்லை, கோணலும் இல்லை, ஆனால் வெட்டும் பழக்கம் மட்டும் பல தொலைக்காட்சிகளில் இருக்கிறது. ‘ஜஸ்ட் ஸ்கான்’, ‘ஸ்கிரீன் ஃபிற்’ என்று ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயரில் அதற்கான விசையை ஒளித்துவைத்திருக்கிறது. தேடிப்பிடித்துத் தட்டியதும் பெரியப்பாவுக்குத் தலை வந்தது. “அப்பாடா” என்றார் அம்மா.

ஒளிவட்டத்துக்குக் காரணம் ‘ஷார்ப்னெஸ்’. கூர்மை என்று பெயர், செய்வது விளிம்பில் கோடு கீறுவது. குறைத்ததும் தலைமுடி தலைமுடியாகத் தெரிந்தது. அதைவிடக் குழப்பமான பெயர் ‘பிரைட்னெஸ்’. அது வெளிச்சத்தைக் கூட்டுகிற சாவியல்ல. கறுப்பு எங்கே தொடங்கவேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். திரையின் வெளிச்சத்துக்குப் ‘பாக்லைற்’ என்று வேறொன்று இருக்கிறது. முப்பது வருடம் நிறத்தோடு மாரடித்த நானே முதல்நாள் இரண்டையும் மாற்றித் திருகினேன்.

மகள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து கேபிளால் இணைத்தாள். அப்போது புதிதாக ஒரு வில்லங்கம். பின்னால் இருந்த கிணற்றடியும் அப்பாவின் கழுத்து நிழலும் கரிப்பிடித்த சட்டிபோல ஒரே கறுப்பாகப் போயின. கணினி தன் கறுப்பை 0 என்று அனுப்புகிறது, தொலைக்காட்சியோ 16இல்தான் கறுப்புத் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே வருகிற எல்லாம் இருட்டுக்குள் போய்விடும். மேலே வெள்ளைப் பக்கத்திலும் இதே கதைதான், 235க்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை. வெள்ளைக்காரக் குடும்பமொன்றின் கடற்கரைப் படத்தில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நாளாகலாம். நிழலில் நிற்கும் கறுத்த முகத்தில் உடனே தெரியும், ஏனென்றால் அந்த முகம் இருப்பதே கீழ்ப் படிகளுக்குக் கிட்டத்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவைப் பேசவைத்ததும் கழுத்து திரும்பி வந்தது, கிணற்றடியில் துலாவின் கயிறுகூடத் தெரிந்தது.

அடுத்தநாள் அச்சகத்திலிருந்து நிறமானியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். கணினித் திரையின் நிறத்தை அளக்கும் சின்னக் கருவி, எலிவாலும் எலியும் மாதிரி இருக்கும். அதைத் திரையின் நடுவில் தொங்கவிட்டு, கணினி ஒவ்வொரு சாம்பலாகக் காட்டக்காட்ட அது அளந்து சொல்லும். ‘எச்சிஎஃப்ஆர்’ என்ற இலவச மென்பொருள் அந்த அளவுகளைக் கோடாகக் கீறிக் காட்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கவேண்டும். என் தொலைக்காட்சியில் நீலம் தனியாக ஆகாயத்துக்குப் போயிருந்தது.

அம்மா வந்து பார்த்தார். “ரிவிக்குக் காய்ச்சலோ?” என்றார்.

இரவு இரண்டு மணிவரை காய்ச்சல் பார்த்தேன். வெளிச்சத்தை 120 நிட் அளவுக்கு இறக்கினேன். படம் பார்க்கும் கணினித் திரைகளுக்கு நாங்கள் வைக்கும் அளவு அது. விவிட்டில் இருந்ததோடு ஒப்பிட்டால் அரிக்கன் லாம்பு மாதிரித்தான். காலையில் அம்மா எழுந்து வந்து, “கரண்ட் குறைஞ்சு போச்சோ?” என்று கேட்டார். மனைவிக்கு வேறு முறைப்பாடு. திரைக்குப் பின்னால் ஒட்டிய 6500 கெல்வின் விளக்கு, ஹோலை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டதாம். சீரியல்காரிகளின் முகம் செத்துப்போய்விட்டது என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். இதில் நான் தோற்றுப்போனேன். நல்லவேளை, என்னுடைய தொலைக்காட்சி ஒவ்வொரு இணைப்புக்கும் ஒவ்வொரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளும். சீரியல் வருகிற பெட்டிக்கு விவிட்டைத் திருப்பிக் கொடுத்தேன். படங்கள் வருகிற வழியில் மட்டும் என்னுடைய கணக்கு. எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு வெள்ளைகள் இருக்கின்றன.

திரை சரியாகிவிட்டது. படம் சரியாகவில்லை. திரை செய்யக்கூடியது, கோப்பில் உள்ளதை உள்ளபடி காட்டுவது மட்டுமே. கோப்பில் உள்ளது நான் ஸ்கான் செய்த காகிதம். அந்தக் காகிதமோ நாற்பது வருடம் பேணிக்குள் கிடந்தது. அந்தக்காலத்துக் கலர்க்காகிதங்களை இருட்டில் வைத்தாலும் நிறம் மெல்ல இறங்கும், அதிலும் சயான் முன்னுக்குப் போகும். அது போனால் மிஞ்சுவது சிவப்பு. பழைய அல்பங்களில் எல்லாரும் மாலைவெயிலில் நிற்பதுபோலத் தெரிவது அதனால்தான். எங்கள் முற்றத்துப் படத்தை எடுத்தது காலை ஒன்பது மணிக்கு. அம்மாவுக்கு நல்ல நினைவு, புட்டு அவிந்துகொண்டிருந்ததாம்.

இப்படிப்பட்ட படத்தைத் திருத்த, நிறமே இல்லாத ஒரு பொருளைப் படத்துக்குள் தேடவேண்டும். வெள்ளை, அல்லது சாம்பல். அதைச் சரியாக்கினால் மற்றவை பின்னால் வரும். முதலில் அப்பாவின் வேட்டியைத் தொட்டேன். எல்லாரும் மஞ்சள் காமாலை வந்தவர்களாகிவிட்டார்கள். கொஞ்சநேரம் கழித்துத்தான் உறைத்தது. வேட்டிக்கு அம்மா நீலம் போடுவார். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீரில் நீலத்தைக் கரைத்து முக்கியெடுத்த வேட்டி அது. அதை வெள்ளையென்று நம்பினால் நிறமெல்லாம் எதிர்ப்பக்கம் சாயத்தான் செய்யும். பிறகு அப்பாவின் நெற்றியைப் பெரிதாக்கினேன். மூன்று குறி திருநீறு. சாணத்தை எரித்த சாம்பல், சாயமும் இல்லை, நீலமும் இல்லை. நடுக்குறியில் சற்றுத் தடிப்பான இடத்தில் சுட்டியை வைத்துத் தட்டினேன்.

அப்பா வந்தார்.

நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்த மனிதர். வவுனியாவிலும் மன்னாரிலும் சங்கிலியோடு வெயிலில் நடந்து, வெள்ளிக்கிழமை யாழ்தேவியில் வீடு வருவார். கறுப்பு என்றால் நல்ல கறுப்பு. கன்னத்தில் செம்மண் சாயல், கழுத்தில் இன்னும் ஆழம், நெற்றியின் மேட்டில் காலை வானத்தின் நீலம் மெல்லிசாகப் பட்டிருந்தது. கறுத்த தோலில் வானம் தெரியும் என்பதை நான் முப்பது வருடத் தொழிலில் கவனித்ததில்லை. கவனிக்க முடியாதபடி அதையெல்லாம் மைனஸ் இரண்டில் அடித்துத் தள்ளியிருந்தேன்.

அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தார். மகள்தான் முதலில் கண்டாள். திரையைப் பார்த்தாள், பிறகு பக்கத்துச் சுவரில் மாலை போட்டுத் தொங்கிய அப்பாவின் சட்டகப் படத்தைப் பார்த்தாள்.

“அப்பா, ஏன் அப்பப்பா அதில வேற கலர்?”

அவளுக்கு அப்பப்பாவைச் சரியாக நினைவில்லை. அவர் 2011இல் போனபோது அவளுக்கு ஏழு வயது. அவள் அறிந்த முகம் அந்தச் சட்டகத்து முகம்தான். இளம் மண்ணிறம், கிட்டத்தட்டக் கோதுமை. அந்தப் படத்தைச் செய்தவன் நான். இறுதிச்சடங்கு மண்டபத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் படம் வேண்டும் என்றார்கள். அச்சகத்துக் கணினியில் அப்பாவின் கடைசிப் பாஸ்போட் படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, சிவப்பைக் குறைத்து, நிழல்களை எடுத்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் கல்வெட்டின் அட்டையிலும் அதே முகம்தான், 300 பிரதி.

கைப்பழக்கம் என்று மகளிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், மண்டபத்துக்கு ஆட்கள் வருவார்கள், லண்டனிலிருந்து மாமா வருவார், சம்பந்தி வீட்டார் வருவார்கள், அப்பா ‘நல்லாயிருக்க’ வேண்டும் என்று நினைத்தேன். கவுண்டரில் குனிந்து குரலைத் தாழ்த்திய அத்தனை தாய்மாரும் அன்றைக்கு எனக்குள்ளேயே நின்றார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை, நானாகவே செய்தேன்.

மகள் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. கூகுள் நிறுவனம் 2021இல் தன் பிக்சல் 6 கைபேசியோடு ‘ரியல் டோன்’ என்று ஒன்றைக் கொண்டுவந்ததையும், கறுத்த தோல் தன் நிறத்திலேயே விழுவதற்காக அதைச் செய்தார்கள் என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அது எனக்கு ஏச்சுப்போலத்தான் இருந்தது.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“எனக்குத் தெரியும். செத்தவீட்டண்டே தெரியும்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்ல? கலியாணப் படத்திலையும் ஆரோ ஒருத்தர்தானே.”

1968இல் எடுத்த கறுப்புவெள்ளைப் படம் அது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஸ்ரூடியோ. படமெடுக்குமுன் அப்பாவுக்கு முகமெல்லாம் பவுடர் போட்டார்களாம். அது காணாதென்று, நெகற்றிவில் முகம் விழுந்த இடத்தில் பென்சிலால் நுணுக்கமாகத் தீற்றியிருந்தார்கள். நெகற்றிவில் கருமை கூடினால் பிரதியில் வெளிக்கும். அந்தக்காலத்து ஸ்ரூடியோக்களில் அதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பென்சில் வேலை எனக்குக் கண்ணில் பட்டிருக்கிறது, நல்ல கை என்று வியந்துமிருக்கிறேன். ஏன் செய்தார்கள் என்று யோசித்ததில்லை.

“அண்ணை நிண்டவர், கறுவலுக்கோ பொம்பிளை குடுக்கப்போறியள் எண்டு. ஐயா சொல்லிப்போட்டார், அரசாங்க உத்தியோகம், குடியில்லை, நிறத்தை வைச்சுக் கஞ்சி காய்ச்சேலாது எண்டு. ஸ்ரூடியோக்காரனிட்டைக் காசு கூடக் குடுத்ததும் அண்ணைதான். நான் அந்தப் படத்தைப் பாக்கிறேல்லை.”

ஐம்பத்துநான்கு வருடம் அந்தப் படம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்கியது. அம்மா அதைத் துடைப்பார், பொட்டு வைப்பார். பார்ப்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் சேலை விடவில்லை. முற்றத்துப் படத்தில் அம்மா கட்டியிருப்பது மயில்கழுத்து நீலம் என்று அவர் அடித்துச் சொன்னார். “நீ பச்சையாக்கி வைச்சிருக்கிறாய். கறுப்புப் பச்சை.” என் கண்ணுக்கும் மனைவியின் கண்ணுக்கும் மகளின் கண்ணுக்கும் அது நல்ல நீலம். நிறமானியும் எங்கள் பக்கம். ஆனாலும் கட்டியவர் அவரல்லவா? படத்தில் நீலத்தைக் கூட்டினேன். காணாது என்றார். இன்னும் கூட்டினேன். அப்பாவின் வேட்டி நாவற்பழ நிறத்துக்குப் போயிற்று, அம்மா இன்னும் திருப்திப்படவில்லை. திருத்திய கோப்பை அப்படியே வைத்துவிட்டு, அம்மாவுக்கென்று ஒரு நாவற்பழப் பிரதியைத் தனியாக வைத்தேன்.

2023 வசந்தத்தில் அம்மாவுக்குக் கண்புரை சத்திரசிகிச்சை. ஒன்ராறியோவில் அரச மருத்துவக் காப்புறுதியே செலவைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் காத்திருக்கவேண்டும். முதலில் வலக்கண், சில கிழமை கழித்து இடக்கண். புரை வளரும்போது கண்ணின் வில்லை மெல்ல மெல்ல மஞ்சளாகி மண்ணிறமாகும். நீலம் உள்ளே போவது குறையும். வருடக்கணக்கில் நடப்பதால் ஆளுக்குத் தெரியாது. ஓவியர் மொனேக்கு 1923இல் வலக்கண்ணில் இதே சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தின வருடங்களில் அவர் வரைந்த தோட்டங்கள் செம்மண்ணும் துருவுமாக இருப்பதற்குப் புரைதான் காரணம் என்று கண் வைத்தியர்கள் சொல்வதுண்டு. இதையெல்லாம் அறிந்தவன்தான் நான். வீட்டுக்குள் அம்மா நீலத்தைப் பச்சை என்றபோது புத்தி வேலை செய்யவில்லை.

கட்டவிழ்த்த அடுத்தநாள் அம்மாவை ஹோலில் இருத்திப் படத்தைப் போட்டேன். நாவற்பழப் பிரதியை. “சீ, உதென்ன ஊதா?” என்றார். மற்றதைப் போட்டேன்.

வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். திரும்பவும் வலது, திரும்பவும் இடது. ஒரு கண்ணுக்குள் பச்சைச் சேலை, மற்றக் கண்ணுக்குள் நீலச் சேலை.

“இதுதான்ரா அந்த நீலம். கொப்பர் வவுனியாவிலை வாங்கிக்கொண்டு வந்தவர்.”

இவ்வளவு காலமும் நினைவு சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு எழுந்து கிட்டப்போய், கையால் இடக்கண்ணைப் பொத்தியபடி, அப்பாவின் முகத்துக்கு நேரே நின்றார். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நான் படத்தை மாற்றாமல் வைத்திருந்தேன்.

“இந்தக் கறுப்பைத்தான் நான் கட்டினனான்” என்றார்.

என் பக்கம் திரும்பினார். “உனக்கென்னடா இவ்வளவு நரை?”

முற்றத்துப் படத்திலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் எடுத்து, புதிதாகப் பிரதி போட இணையத்தில் ஒரு கடைக்கு அனுப்பினேன். ஒரு கிழமையில் வந்தது. உறையைத் திறந்தால் அப்பா மறுபடி கோதுமை நிறம். அவர்களுடைய மென்பொருள், முகத்தைக் கண்டால் தானாகவே வெளிச்சம் ஏற்றிவிடுமாம். தொலைபேசியில் வந்த பையன் அது ஒரு இலவசச் சேவை என்று மரியாதையாக விளங்கப்படுத்தினான். அவனிடம் கோபிக்க என்னால் முடியவில்லை. தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லித் திரும்ப அனுப்பினேன். இரண்டாவது பிரதி சரியாக வந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். திருநீறு திருநீறாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பழைய சட்டகத்தை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்து, சந்தனத்தில் பொட்டு வைத்து, மாலையை மாற்றினார். இறக்கியதை என்ன செய்வதென்று கேட்டேன். குப்பையில் போட மனம் வராது, நிலவறையில் வைத்தால் தூசிபிடிக்கும்.

“லண்டன் மாமாவுக்கு அனுப்பிவிடு” என்றார் அம்மா. “வெள்ளை மாப்பிளை வேணுமெண்டு நிண்டவர் அவர்தானே.”

மாமாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது. நன்றாகப் பொதிசெய்து, ‘கண்ணாடி, கவனம்’ என்று எழுதி அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தபாற்கந்தோரின் செய்தி வந்திருக்கிறது. மாமாவிடமிருந்து இன்னும் ஒரு கதையும் இல்லை.